வைரம் கிடைத்தும் உருப்பட்ட நாடு: போட்ஸ்வானா பற்றி ஒரு சந்தேகம்

கூழாங்கல்
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் குடைகிற கேள்வி இது. காங்கோவில் வைரமும் இருக்கிறது, செம்பும் கோபால்ட்டும் இருக்கின்றன. நாடு என்ன பாடு படுகிறது என்று தெரியும். சியரா லியோனில் வைரத்தை வைத்தே 1991 முதல் 2002 வரை வெட்டிக்கொண்டார்கள். அங்கோலாவிலும் அதே கதைதான். நடுவில் போட்ஸ்வானா என்று ஒரு நாடு. 1966இல் சுதந்திரம். இன்றுவரை ஒரு ராணுவப் புரட்சி கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல் தவறியதில்லை. 2024 அக்டோபரில், 58 வருடமாக ஆண்ட கட்சியை மக்கள் தூக்கிப் போட்டார்கள். 61 தொகுதியில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது நான்கே நான்கு. ஜனாதிபதி மசீசி, எண்ணிக்கை முடிவதற்குள்ளேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிட்டார். அன்றைக்கே டூமா போகோ பதவியேற்றார்.

ஆபீஸில் ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "ஆள் குறைச்சல், வைரம் ஜாஸ்தி, அவ்வளவுதான் சூட்சுமம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது ஒட்டவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீக்கடை பெஞ்சு
நண்பர் சொன்னதில் என்ன தப்பு? தமிழ்நாட்டைப் போல நாலு மடங்குக்கு மேல் நிலம். ஆளோ 25 லட்சம் வாக்கில்தான். மதுரையும் சுற்றுவட்டாரமும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். வைரத்தை விற்று ஆளுக்குப் பங்கு போட்டால் சண்டை எதற்கு வருகிறது?

வைகைக்கரை
பங்கு போட்டார்களா? உலகத்தில் ஏற்றத்தாழ்வு மிக அதிகமான நாடுகளை வரிசைப்படுத்தினால் போட்ஸ்வானா எப்போதும் மேலேதான் இருக்கும். அதை மறந்துவிட்டு "ஆப்பிரிக்காவின் அதிசயம்" என்று பாட ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஓய்வு வாத்தியார்
இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் அங்கே 1992 முதல் பதினோரு வருடம் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன்.

"வைரம் இருந்தது, பிழைத்தது" என்பதில் வரிசை தலைகீழாக இருக்கிறது. சுதந்திரம் 1966 செப்டம்பர் 30. ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது 1967இல். சுரங்கம் வேலையைத் தொடங்கியது 1971இல். ஆக, கொடி ஏறிய அன்றைக்குக் கையில் ஒன்றும் கிடையாது. நாடு முழுக்கத் தார் ரோடு சுமார் 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் 22 பேர். அறுபதுகளில் விழுந்த பஞ்சத்தில் மாடுகளில் மூன்றில் ஒரு பங்கு செத்துப் போயிருந்தது. அங்கே மாடுதான் பேங்க் கணக்கு, சீர், கௌரவம் எல்லாமே. ஆண்களில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போய்க் கூலி வேலை பார்த்துப் பணம் அனுப்பினார்கள். அரசாங்கச் செலவில் ஏறக்குறையப் பாதியை 1972 வாக்கு வரைக்கும் பிரிட்டன்தான் கொடுத்தது.

இதைவிட வேடிக்கை, தலைநகரமே நாட்டுக்குள் இல்லை! பெச்சுவானாலாந்து என்ற பெயரில் நாடு பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த காலத்தில் பெரும்பகுதி, நிர்வாகம் நடந்தது தென்னாப்பிரிக்காவுக்குள் இருக்கும் மாஃபெகிங்கிலிருந்து. சுதந்திரம் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, 1964இல்தான் காபரோனேயில் புதர்களை வெட்டி அவசர அவசரமாக ஒரு தலைநகரைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

டீக்கடை பெஞ்சு
சொந்த வீட்டுச் சாவி எதிர்வீட்டுக்காரனிடம் இருந்த கதை. சரி, பிரிட்டிஷ்காரன் ஏன் அங்கே ஒன்றுமே கட்டவில்லை?

ஓய்வு வாத்தியார்
கையில் வைத்துக்கொள்ளும் எண்ணமே இல்லை, அதனால்தான். 1885இல் அந்த இடத்தை எடுத்ததே வழிக்காக. மேற்கே ஜெர்மானியர்கள், கிழக்கே போயர்கள் (தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்). நடுவில் வடக்கே போகும் பாதை அடைபட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். பிறகு 1909 சட்டத்தில், தென்னாப்பிரிக்க யூனியனோடு ஒருநாள் இதைச் சேர்த்துவிடலாம் என்று ஒரு வழியும் வைத்தார்கள். நாளைக்கு அடுத்தவனுக்குக் கொடுக்கப்போகிற வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்?

ஆனால் கொடுக்க முடியாமல் போனதற்கு ஒரு கதை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வைரத்தால் பணக்காரரான பிரிட்டிஷ் முதலாளி சிசில் ரோட்ஸின் கம்பெனி இந்த நிலத்தையும் விழுங்கப் பார்த்தது. 1895இல் மூன்று கோசிகள் (கோசி என்றால் குலத் தலைவர்) கப்பலேறி லண்டனுக்கே போனார்கள். மூன்றாம் காமா, முதலாம் செபெலே, முதலாம் பத்தோயன். "எங்களைக் கம்பெனியிடம் விடாதே, ராணியின் கீழேயே வை" என்று கேட்க.

காலனி அமைச்சர் சேம்பர்லேன் முதலில் கையை விரித்துவிட்டார். கம்பெனியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார். இவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. ஒரு மிஷனரியைத் துபாஷியாக வைத்துக்கொண்டு பிரிட்டன் முழுக்க ஊர் ஊராகச் சுற்றினார்கள். தேவாலயங்களிலும் டவுன்ஹால்களிலும் பேசினார்கள். காமா தன் ஊரில் சாராயத்தைத் தடை செய்தவர். இங்கிலாந்தின் மதுவிலக்குக்காரர்களுக்கு அவர் ஒரு ஹீரோ. "கம்பெனி வந்தால் சாராயமும் வரும்" என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சேம்பர்லேன் திரும்பி வருவதற்குள் மேஜையில் கடிதங்கள் குவிந்திருந்தன.

கடைசியில் ரயில் பாதைக்காகக் கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டு நிலமும் குடிசை வரியும் கொடுத்து, மீதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்தத் துண்டு நிலத்திலிருந்துதான் அதே வருடம் டிசம்பர் கடைசியில் ரோட்ஸின் ஆள் ஜேமிசன், படையோடு போயர்களின் டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து கேவலமாக மாட்டிக்கொண்டான். ரோட்ஸின் பெயர் கெட்டது. மீதி நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கும் பேச்சும் அதோடு போயிற்று.

இன்று காபரோனேயில் அந்த மூவருக்கும் பெரிய வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. செய்தது வட கொரியக் கம்பெனி. மூஞ்சி கொஞ்சம் கொரியச் சாயல் என்று உள்ளூரில் கிண்டல் செய்வார்கள்.

வைகைக்கரை
வாத்தியார் சொல்வது சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ராணியிடம் போய் "எங்களை வைத்துக்கொள்" என்று கேட்டதை வீரமாகச் சொல்வது எனக்கு இடிக்கிறது.

ஓய்வு வாத்தியார்
வீரம் என்று நான் சொல்லவில்லையே தம்பி. ரெண்டு கெட்டவனில் தூரத்தில் இருப்பவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கே பக்கத்திலேயே ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) எப்படிப் போனது என்று பாருங்கள்: நல்ல நிலமெல்லாம் வெள்ளைக்காரக் குடியேறிகள் கையில். அதைத் திருப்பி எடுக்க 1970களில் ரத்தம் சிந்தினார்கள். பிறகு 2000இல் மறுபடி ரகளை. போட்ஸ்வானாவில் அந்தப் பிரச்சினையே பெரிதாக எழவில்லை. காரணம் 1895.

கூழாங்கல்
அருமை சார். செரெட்சே காமா, வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிய கதை பற்றி அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன். அவர் இந்தக் காமாவின் பேரன்தானே?

ஓய்வு வாத்தியார்
பேரனேதான். செரெட்சே 1921இல் பிறந்தவர். நாலு வயதில் அப்பா போய்விட்டார். சித்தப்பா ஷேகெடிதான் அவருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். பையனை ஆக்ஸ்ஃபோர்டுக்கும், பிறகு லண்டனில் வக்கீல் படிப்புக்கும் அனுப்பினார்கள். அங்கே ரூத் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்து 1948 செப்டம்பரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அதே வருடம்தான் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. கலப்பு மணத்தைச் சட்டம் போட்டுத் தடுக்கப்போகிற நாட்டின் வாசலில், ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளைக்கார மனைவியோடு அரசாளப் போகிறார்! பிரிட்டனுக்கு அப்போது தென்னாப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் வேண்டும்.

சித்தப்பாவும் எதிர்ப்புதான். ஆனால் அவர்கள் ஊர் செரோவேயில் நடந்ததைக் கவனியுங்கள். கோட்லாவில் (ஊர்ச் சபை) விஷயத்தை ஒரு தடவை அல்ல, மூன்று தடவை வைத்துப் பேசினார்கள். முதலில் பெரும்பாலோர் "அந்தப் பெண் வேண்டாம்" என்றார்கள். 1949 ஜூனில் கடைசிக் கூட்டம். ஆயிரக்கணக்கில் ஆட்கள். "என் மனைவியோடு என்னை ஏற்காதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார் செரெட்சே. நாற்பது பேர் வாக்கில் எழுந்தார்கள். "ஏற்பவர்கள்?" என்றதும் கூட்டமே எழுந்து நின்றது. சித்தப்பா ஊரைவிட்டு வெளியேறினார்.

ஊர் ஒப்புக்கொண்டது. லண்டன்தான் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். அது, "இவர் ஆளத் தகுதியானவர்தான், தென்னாப்பிரிக்காவின் எதிர்ப்பு ஒன்றுதான் தடை" என்கிற ரீதியில் உண்மையை எழுதிவிட்டது. அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டு, பேச்சுவார்த்தை என்று அவரை லண்டனுக்கு வரவழைத்து, 1950இல் திரும்பிப் போகத் தடை போட்டார்கள். ஆறு வருடம் நாடு கடத்தல். 1956இல் கோசி பட்டத்தைத் துறந்து, சாதாரணக் குடிமகனாகத் திரும்பினார். அப்படி அவரிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கியதுதான் பின்னால் அவரைத் தேர்தலுக்குத் தள்ளியது. 1962இல் கட்சி. 1965இல் முதல் தேர்தல், 31இல் 28 இடம்.

டீக்கடை பெஞ்சு
ஒரு கல்யாணத்துக்கு மூன்று ஊர்க்கூட்டம். நம்ம ஊரில் ஒரே கூட்டத்தில் முடித்துவிடுவார்கள், வேறு மாதிரி.

நெறியாளர்
டீக்கடை பெஞ்சு, கடைசி வரி இங்கே வேறு திசைக்கு இழுத்துப் போகும். இழைக்குள் இருங்கள்.

சட்டக்கிளி
வாத்தியார் ஐயா வரலாற்றை அழகாகச் சொல்கிறார். கூழாங்கல் கேட்ட கேள்விக்கு என் பதில் இரண்டு சட்டங்களில் இருக்கிறது. இரண்டும் பலருக்கும் தெரியாது.

ஒன்று, 1967 கனிமச் சட்டம். மண்ணுக்கு அடியில் இருப்பது யாருக்குச் சொந்தம்? அதுவரை அந்தந்தக் குலத்துக்கு. ஒராபா இருப்பது பாமங்வாட்டோ நிலத்தில், அதாவது செரெட்சேயின் சொந்தக் குலத்தின் நிலத்தில். "எங்கள் நிலம், எங்கள் வைரம்" என்று அவர் உட்கார்ந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் கனிமம் எல்லாம் நாட்டுக்குப் பொது என்பதை 1965 தேர்தல் அறிக்கையிலேயே அவர் கட்சி எழுதிவிட்டது. பிறகு குலம் குலமாகப் பேசிச் சம்மதம் வாங்கி, சட்டமாக்கினார்கள். பத்து வருடம் கழித்து, வைரப் பணம் பாய ஆரம்பித்த பிறகு இதைச் செய்யப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு குலமும் ஒரு படை வைத்திருக்கும். காங்கோவில் கட்டாங்கா மாகாணம் 1960இல் பிரிந்து போனது எதற்காக? அடியில் இருந்த செம்புக்காகத்தான்.

இரண்டாவது, 1968 குல நிலச் சட்டம். 1970இல் நடைமுறைக்கு வந்தது. நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரத்தைக் கோசிகளிடமிருந்து எடுத்து நில வாரியங்களிடம் கொடுத்தார்கள். கோசிகளுக்கு மேல் சபை மாதிரி ஒன்று உண்டு, இப்போது அதன் பெயர் ந்த்லோ யா டிகோசி. ஆலோசனை சொல்லலாம், சட்டத்தைத் தடுக்க முடியாது. குல வழக்கப்படி நடக்கும் மன்றத்தில் கோசிகள் சின்ன வழக்குகளை விசாரிக்கலாம், பிரம்படியும் கொடுக்கலாம் (ஆண்களுக்கு மட்டும், அதுவும் 40 வயதுக்குள்). மரியாதையை விட்டுவைத்துவிட்டு, கஜானாச் சாவியையும் நிலத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வேறு யாராவது செய்திருந்தால் கோசிகள் கொதித்திருப்பார்கள். செய்தவரே ஒரு கோசியின் பேரன் என்பதால் வாயடைத்துப் போனார்கள்.

கூழாங்கல்
மேடம், இது எனக்குப் புதுசு. பணம் வருவதற்கு முன்பே யாருக்குச் சொந்தம் என்று முடித்துவிட்டார்கள் என்பது பெரிய விஷயம். வைரம் தோண்டி விற்கிற டி பியர்ஸ் கம்பெனியிடம் எப்படிச் சமாளித்தார்கள்?

சட்டக்கிளி
முதலில் 15 சதவீதப் பங்குதான் அரசுக்கு. ஒராபா எவ்வளவு பெரிய சுரங்கம் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்து பேசி 1975இல் 50க்கு 50 ஆக்கினார்கள். அப்புறம் 1982இல் ஜ்வானெங் சுரங்கம் திறந்தது. மதிப்பை வைத்துப் பார்த்தால் உலகத்தின் பணக்காரச் சுரங்கம் அதுதான் என்பார்கள். பாதிப் பங்கு, வரி, ராயல்டி எல்லாம் சேர்த்தால் லாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு போல அரசுக்கு வருகிறது. 2013இல் கச்சா வைர விற்பனையையே லண்டனிலிருந்து காபரோனேக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஓய்வு வாத்தியார்
ஜ்வானெங் என்றால் அந்த ஊர் மொழியான செட்ஸ்வானாவில் "சின்னக் கற்கள் உள்ள இடம்". கூழாங்கல்லாரே, உங்கள் ஊர்தான்!

வைகைக்கரை
எல்லோரும் கை தட்டி முடித்தாயிற்றா? இப்போது என் முறை.

1. "ஜனநாயகம்" என்கிறீர்கள். 1965 முதல் 2024 வரை ஒரே கட்சி. 2014இல் அந்தக் கட்சி வாங்கிய ஓட்டு பாதிக்கும் குறைவு. ஆனால் 57 தொகுதியில் 37 அவர்களுக்கு. ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதே இல்லை, நாடாளுமன்றப் பெரும்பான்மைதான் தீர்மானிக்கிறது. 1998இலிருந்து இன்னொரு தந்திரம்: பத்து வருடம் முடியும் முன்பே ஜனாதிபதி விலகுவார், துணை ஜனாதிபதி தானாகப் பதவிக்கு வருவார், அந்தப் பதவியோடு தேர்தலைச் சந்திப்பார். மசிரே இறங்கினார், மொகாய் ஏறினார். மொகாய் இறங்கினார், இயன் காமா ஏறினார். இயன் காமா யார்? செரெட்சேயின் மகன். அவர் இறங்கினார், மசீசி ஏறினார். இதற்குப் பேர் வாரிசு அரசியல் இல்லையா?

2. பஸார்வா மக்கள். சான் என்றும் சொல்வார்கள். அந்த மண்ணின் மிகப் பழைய குடிகள். அவர்கள் வேட்டையாடி வாழ 1961இல் பிரிட்டிஷ்காரன் காலத்தில் ஒதுக்கிய இடம் மத்தியக் கலஹாரி காப்பகம். அங்கிருந்து 1997இலும் 2002இலும் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கிணற்றையும் மூடினார்கள். அந்தக் காப்பகத்துக்குள்ளேயே பிறகு வைரச் சுரங்கம் வந்தது. "வைரத்துக்காக இல்லை" என்று அரசு சொன்னது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

3. கோட்லா, கோட்லா என்கிறீர்கள். அந்த மண்ணில் பெண்கள் எவ்வளவு காலம் வாய் திறக்க முடியாமல் இருந்தார்கள்? பஸார்வாவுக்கு அங்கே என்ன இடம்?

சட்டக்கிளி
மூன்றும் நியாயமான கேள்விகள். ஒன்றில் மட்டும் சின்னத் திருத்தம்: இயன் காமாவும் மசீசியும் ஒரு வருடத்துக்குள் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். காமா கட்சியை விட்டே போய், தென்னாப்பிரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு, 2024 தேர்தலுக்கு முன் திரும்பி வந்து, அப்பா ஆரம்பித்த கட்சியைத் தோற்கடிக்கப் பிரசாரம் செய்தார். வாரிசு அரசியல் இப்படியும் முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தொகுதிக் கணக்கு 2024இல் அவர்களையே திருப்பி அடித்தது. ஏறக்குறைய 30 சதவீத ஓட்டு வாங்கியும் நாலு இடம்தான் கிடைத்தது. அதே கத்தி.

பெண்கள் பற்றிச் சொன்னீர்கள். யூனிட்டி டோவ் வழக்கைச் சொல்லியே ஆக வேண்டும். யூனிட்டி ஒரு வக்கீல். அமெரிக்கரைக் கட்டியவர். 1980களின் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டுக்காரரைக் கட்டிய பெண்ணின் பிள்ளைக்குப் போட்ஸ்வானாக் குடியுரிமை கிடையாது. ஆணாக இருந்தால் உண்டு. சொந்த ஊரில் பிறந்து வளரும் பிள்ளைகள் அயல்நாட்டார்! வழக்குப் போட்டார். அரசுத் தரப்பு வாதத்தைக் கேளுங்கள்: "எங்கள் சமூகம் தந்தைவழிச் சமூகம், அரசியல் சட்டத்தில் பாகுபாடு பற்றிய பிரிவில் பாலினம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டோம்." உயர்நீதிமன்றம் 1991இல் யூனிட்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் உறுதி செய்தது. 1995இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அவரே பிறகு அந்த நாட்டின் முதல் பெண் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார். 2006 டிசம்பரில் பஸார்வா வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் அவர் ஒருவர். அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது.

வைகைக்கரை
தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள் மேடம். வழக்குப் போட்டவர்கள் பட்டியலில் இருந்தால்தான் உள்ளே வரலாம், மற்றவர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். கிணறு தோண்ட விடவில்லை. தண்ணீருக்காகவே தனியாக இன்னொரு வழக்குப் போட்டு 2011இல்தான் ஜெயித்தார்கள். அதற்கும் மேல், 2021 டிசம்பரில் இறந்த ஒரு பெரியவரை அவர் முன்னோர் மண்ணான காப்பகத்துக்குள் புதைக்க அனுமதிக்காமல், உடல் மூன்று வருடம் போலப் பிணவறையில் கிடந்தது. புது அரசு வந்து, 2024 டிசம்பரில்தான் அவரை அடக்கம் செய்ய முடிந்தது. இதையும் அந்த "அதிசய" நாட்டின் கணக்கில் எழுதுங்கள்.

சட்டக்கிளி
எழுதத்தான் வேண்டும். மறுக்கவில்லை.

டீக்கடை பெஞ்சு
இதைப் படித்ததும் கிண்டல் வரவில்லை. பிணத்துக்கு ஆறடி கொடுக்க ஒரு நாட்டில் கோர்ட் வேண்டியிருக்கிறது.

ஓய்வு வாத்தியார்
வைகைக்கரை தம்பி சொன்னதில் நான் நேரில் பார்த்ததும் உண்டு. என் வகுப்பில் இரண்டு பஸார்வாப் பையன்கள் இருந்தார்கள். தொலைவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள். மற்றப் பிள்ளைகள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏய் மஸார்வா" என்பார்கள். எந்தத் தொனி என்று நமக்கா தெரியாது? ஒரு விடுமுறைக்குப் போனவர்கள் இருவரும் திரும்பி வரவில்லை. வருகைப் பதிவேட்டில் மூன்று மாதம் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள்.

கோட்லா பற்றியும் சொல்கிறேன். நான் பார்த்த கோட்லா இது: மரக்கட்டைகளை நெருக்கமாக நட்டு அரைவட்டமாக ஒரு தடுப்பு. உள்ளே மணல் தரை, பக்கத்தில் பெரிய மரம். வெயில் 38 டிகிரி அடித்தாலும் ஆண்கள் கோட்டுப் போட்டுத்தான் வருவார்கள். பெண்கள் பேண்ட் அணிந்து நுழைய முடியாது, தலையில் துணி கட்ட வேண்டும். நாற்காலியை அவரவர் வீட்டிலிருந்து தலையில் வைத்துத் தூக்கி வருவார்கள். ஒருநாள் ஒரு அமைச்சர் வந்தார், குடிநீர்க் குழாய் விஷயம். ஒரு கிழவர் எழுந்தார். தன் தாத்தா கிணறு வெட்டிய கதையில் ஆரம்பித்து, மாடு தொலைந்த கதைக்குப் போய், மருமகள் சண்டையைத் தொட்டுவிட்டு, நாற்பது நிமிடம் கழித்துக் குழாய் தப்பான மேட்டில் இருக்கிறது என்று வந்து சேர்ந்தார். ஒருத்தரும் "சீக்கிரம் முடியுங்கள்" என்று சொல்லவில்லை. அமைச்சர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார். தப்பாகப் பேசுகிறவனும் தன் பேச்சைப் பேசி முடிக்கட்டும் என்று அவர்களுக்கு ஒரு பழமொழி உண்டு.

குழாய் இடம் மாறியதா? இல்லை. அதே மேட்டில்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வைகைக்கரை
இதுதான் வாத்தியாரே நான் சொல்ல வந்தது. பேச விடுவார்கள், முடிவு முன்பே எடுத்திருப்பார்கள்.

ஓய்வு வாத்தியார்
பாதி அப்படித்தான். மீதிப் பாதி இருக்கிறதே, அது சின்னது அல்ல. எதிரில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் கேட்டாக வேண்டும் என்ற நிலையில் இருக்கிற அமைச்சரும், கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரில் போகிற அமைச்சரும் ஒரே மாதிரித் திருட மாட்டார்கள். அங்கே திருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை.

கூழாங்கல்
ராணுவம்? புரட்சி வராததற்கு அதுவும் ஒரு காரணமா?

சட்டக்கிளி
முதல் பதினோரு வருடம் ராணுவமே கிடையாது! போலீஸ் மட்டும்தான். ரொடீசியப் படைகள் எல்லை தாண்டி வந்து அடித்ததால் 1977இல் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த அடுத்த வருடமே லெசோமாவில் போட்ஸ்வானா வீரர்கள் பதினைந்து பேரை ரொடீசியப் படை பதுங்கித் தாக்கிக் கொன்றது. 1985 ஜூனில் தென்னாப்பிரிக்கப் படை ராத்திரியோடு ராத்திரியாகக் காபரோனேக்குள்ளேயே புகுந்து 12 பேரைக் கொன்றுவிட்டுப் போனது. மூன்று பக்கமும் வெள்ளை ஆட்சி இருந்த காலம். அகதிகளுக்கு இடம் கொடுத்தார்கள், ஆனால் கெரில்லா முகாம் வைக்க விடவில்லை. சாமானும் ரயிலும் எல்லாம் தென்னாப்பிரிக்கா வழியாகத்தான் வர வேண்டும். வேறு வழியில்லை.

ஓய்வு வாத்தியார்
ஒன்று மட்டும் யாரும் தொடவில்லை. எய்ட்ஸ். நான் இருந்த காலத்தின் மிகப் பெரிய விஷயம் அதுதான். தேர்தலோ வைரமோ அல்ல. 2000 வாக்கில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தொற்று என்று ஐ.நா. மதிப்பிட்டது. அங்கே சவ அடக்கம் சனிக்கிழமை விடியற்காலையில் நடக்கும். ஊரே போகும். ஒரு காலத்தில் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் ஒரே சனிக்கிழமையில் இரண்டு இடத்தில் எதற்குப் போவது என்று ஆசிரியர் அறையில் பிரித்துக்கொள்வோம். எங்கள் பள்ளியில் ஐந்து வருடத்தில் நான்கு ஆசிரியர்கள். எல்லோரும் நாற்பதுக்குள்.

மொகாய் அப்போது ஜனாதிபதி. நம் இனமே அழிந்துபோகலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். பக்கத்து நாட்டில் நோய்க்குக் காரணம் வைரஸா என்றே தலைவர்கள் சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த நேரம். 2002இல் அரசே இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது, ஆப்பிரிக்காவில் இப்படிச் செய்ததில் முதல் நாடு. மாசா என்று பெயர் வைத்தார்கள், புது விடியல். வெளியுதவியும் இருந்தது. பெரும்பகுதி வைரப் பணம். எங்கள் பள்ளிக் காவலாளி எலும்பும் தோலுமாக இருந்தவர். நான் ஊர் திரும்பும்போது என் பெட்டியை அவர்தான் பஸ்ஸில் ஏற்றினார்.

டீக்கடை பெஞ்சு
நம்ம வீட்டு மூக்குத்திக் கல்லும் அங்கிருந்து சூரத்துக்கு வந்து பட்டை தீட்டியதாக இருக்கலாம். அப்படிப் பார்த்தால் அந்தக் காவலாளி மருந்தில் நமக்கும் ஒரு பைசா.

கூழாங்கல்
இவ்வளவும் செய்தவர்களை 2024இல் ஏன் இப்படித் துரத்தினார்கள்? அதுதான் இன்னும் பிடிபடவில்லை.

வைகைக்கரை
வைரம் விற்கவில்லை, அதனால். ஆய்வகத்தில் செய்த வைரம் மலிவாக வந்துவிட்டது, சீனாவிலும் வாங்குவது குறைந்துவிட்டது. ஏற்றுமதியில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே பொருளை நம்பிய நாடு. 2024 ஆகஸ்டில் கரோவே சுரங்கத்தில் 2,492 காரட் கல் ஒன்று கிடைத்து ஜனாதிபதி கையில் வைத்துப் படம் எடுத்தார். அதே மாதம் படித்த பையன்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அறுபது வருடத்தில் வேறு தொழில் ஒன்று உருவாக்கியிருக்க வேண்டாமா? மாட்டிறைச்சியையும் யானை பார்க்க வருகிறவர்களையும் வைத்து எத்தனை பேருக்கு வேலை கொடுப்பது?

ஓய்வு வாத்தியார்
இதில் நானும் தம்பியும் ஒரே கட்சி. அந்த அரசுக்குப் பணத்தைப் பத்திரமாக வைக்கத் தெரிந்தது, அதை வேலையாக மாற்றத் தெரியவில்லை.

தேர்தலுக்கு மறுநாள் என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு வாட்ஸப்பில் பேசினேன். வயது அறுபதுக்கு மேல். அவர் அப்பா 1965இல் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர், உறுப்பினர் அட்டையைப் பைபிளுக்குள் வைத்திருந்தவர். இந்த அம்மாவும் ஒரு தேர்தல் தவறாமல் அதற்கே போட்டவர். இந்த முறை ராத்திரி ஒன்பது மணி வரை வரிசையில் நின்று மாற்றிப் போட்டேன் என்றார். "ஏன்மா?" என்றேன். மகன் இன்ஜினியரிங் முடித்து ஆறு வருடமாக வீட்டில் இருக்கிறான், எனக்கு ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை இல்லை, அப்பா இருந்தால் அவரும் மாற்றித்தான் போட்டிருப்பார் என்றார்.

சட்டக்கிளி
மாத்திரை இன்னும் வரவில்லை போலிருக்கிறதே. 2025 ஆகஸ்டில் போகோவே மருந்துத் தட்டுப்பாட்டுக்காகப் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்க வேண்டியதாயிற்று. கஜானாவைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டி பியர்ஸோடு புது ஒப்பந்தம் போட்டு, அரசு தானே விற்கும் பங்கை 25 சதவீதத்திலிருந்து 30 ஆக்கி, பத்து வருடத்துக்குள் 40க்கும், ஒப்பந்தத்தை நீட்டித்தால் 50க்கும் கொண்டுபோகப் போகிறார்கள். விற்க ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம்.

கூழாங்கல்
வாத்தியார் சார், அந்த அம்மா இப்போது புது அரசைப் பற்றி என்ன சொல்கிறார்?

ஓய்வு வாத்தியார்
போன வாரம்கூடப் பேசினேன். அமைச்சர் ஊர் கோட்லாவுக்கு வருகிறாராம், மாத்திரை விஷயத்தைக் கேட்கப்போகிறேன் என்றார். மருமகளும் கூட வருகிறாளாம். ஒரே சிக்கல், நல்ல நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு சாவுக்கு இரவல் வாங்கிப் போனவள் இன்னும் திருப்பித் தரவில்லையாம்.